எனக்குப் பிடிக்கும், மே குஸ்தா

குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்து, 22 ஆண்டுகளாகப் பள்ளியில் தமிழ் கற்பித்துவரும் நான், 48ஆம் வயதில் ஸ்பானிஷ் கற்கப் புறப்பட்டதற்கு என் தம்பிதான் காரணம். சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் அவன், தானியம் ஏற்றுவதற்காக அர்ஜென்டினாவின் துறைமுகங்களுக்குப் பலமுறை போய்வந்தவன். சென்ற ஆண்டு விடுமுறையில் வந்திருந்தபோது, ஒருநாள் மாலை அம்மாவுடன் நாங்கள் இருவரும் கரையில் அமர்ந்திருக்கையில், ஸ்பானிஷில் கடலுக்கு 'மார்' என்று பெயர், பொதுவாக அதை ஆண்பாலாக்கி 'எல் மார்' என்பார்கள், ஆனால் கடலில் தொழில் செய்கிறவர்கள் பெண்பாலாக்கி 'லா மார்' என்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னான். கட்டுமரத்தில் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றிய அப்பாவோடு வாழ்ந்த அம்மா, "கடலு அம்மையில்லாம பின்ன ஆரு?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை. நாங்கள் கடலம்மா என்று சொல்வதைப்போலவே, எங்கோ ஒரு கரையில் வலை இழுக்கிறவர்களும் கடலைப் பெண்ணாகவே சொல்கிறார்கள் என்றால், அந்த மொழியை அருகில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நாகர்கோவிலில் ஒரு பாடப்புத்தகம் வாங்கினேன்; கைப்பேசியில் ஒரு செயலியும் ஏற்றிக்கொண்டேன். இரண்டுமே ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிப்பவை. பள்ளி விட்டு வந்து, சோற்றை வடித்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் படிப்பேன். முதல் இரண்டு மாதமும் ஏதோ சுற்றுவழியில் நடப்பதுபோல் இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்பது 'பிடிக்கும்' என்னும் பாடத்திற்கு வந்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பாடத்தில் புத்தக ஆசிரியர் மாணவரை வெகுவாகத் தேற்றுகிறார். ஸ்பானிஷில் 'நான் காப்பியை விரும்புகிறேன்' என்று சொல்லும் வழக்கம் இல்லை, காப்பிதான் எழுவாய், விரும்புகிற ஆள் எழுவாயாக வரமாட்டார், முதலில் இது விசித்திரமாகத் தோன்றும், அஞ்ச வேண்டாம் என்று ஒன்றரைப் பக்கம் விளக்குகிறார். நான் அதை இரண்டு முறை படித்தேன். பிறகு குறிப்பேட்டில் 'மே குஸ்தா எல் கஃபே' என்று எழுதி, அதன் கீழே 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்று எழுதிப் பார்த்தேன். மே என்றால் எனக்கு; குஸ்தா என்றால் பிடிக்கும்; எல் கஃபே என்றால் காப்பி. ஆங்கிலம் அறிந்தவரைத் தேற்ற ஒன்றரைப் பக்கம் தேவைப்பட்ட இலக்கணம், நம் வீட்டுப் பிள்ளைகள் மூன்று வயதில் பேசும் தமிழில் அப்படியே இருக்கிறது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதும் இதே அமைப்புத்தான்: மே துவேலே லா கபேசா. வலிப்பது தலை, வலி எனக்கு. பிடிக்கும் பொருள்கள் பலவானால் குஸ்தா என்பது குஸ்தான் என்று பன்மையாகும் என்பதையும், 'எனக்கு அந்தப் பூக்கள் பிடித்தன' என்று எழுத்துத்தமிழில் நாம் பன்மை முடிவு கொடுப்பதை நினைத்துக்கொண்டால், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அன்று முதல் ஆங்கில விளக்கங்களைத் தாண்டிவிட்டு, எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் எடுத்துத் தமிழோடு நேரே பொருத்திப் பார்க்கத் தொடங்கினேன். நான் இங்கே சொல்ல விரும்புவதும் இதைத்தான். தமிழர் ஸ்பானிஷ் கற்கும்போது ஆங்கிலத்தை நடுவில் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால், நமக்கு முன்பே தெரிந்ததைத் தெரியாததாக்கி, அதன் பிறகு கற்றுக்கொடுக்கிறார்கள்.

வினைமுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'பேசுகிறேன்' என்றால் போதும், 'நான்' என்று தனியே சொல்ல வேண்டாம். விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஸ்பானிஷிலும் ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய், ஆப்லாமோஸ் என்றால் பேசுகிறோம். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிப்போடும் அட்டவணை அங்கே பெயர் மாறி இருக்கிறது, அவ்வளவுதான்.

மரியாதைப் பன்மையும் அப்படியே. நீ என்பதற்கு 'தூ', மரியாதையாகச் சொல்ல 'உஸ்தெத்'. இந்த உஸ்தெத் முன்னிலைச் சொல்லாக இருந்தும் படர்க்கை வினையைத்தான் கொள்ளும். ஏனெனில் அது 'உங்கள் தயை' என்னும் பொருள்படும் 'வுயெஸ்த்ரா மெர்ஸெத்' என்ற பழைய தொடரிலிருந்து தேய்ந்து வந்தது. எதிரில் நிற்பவரிடமே 'அவர்' என்பதுபோலப் பேசுவதா என்று ஆங்கிலவழி மாணவர் திகைக்கலாம். எங்கள் மாவட்டத்தில் அதில் திகைக்க ஒன்றுமில்லை. ஆசிரியர் அறைக்கு வரும் பிள்ளைகள் என்னைப் பார்த்தே, "டீச்சருக்கு சாயா வேணுமா?" என்றும், "டீச்சர் எப்போ வருவாங்க?" என்றும்தான் கேட்கிறார்கள். (தம்பியின் அர்ஜென்டினாவில் தூ என்பதும் இல்லை, அங்கே 'வோஸ்' என்கிறார்கள். தெருவுக்கான சொல்லைப் புத்தகம் 'காயே' என்றது. அவன் 'காஷே' என்றான். இருவரும் சரி, புவெனோஸ் ஐரெஸ் பக்கத்தில் அந்த ஒலி அப்படி. நான் புத்தகத்தையே பின்பற்றிக்கொண்டேன்.)

ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது 'இரு' என்னும் வினையின் கதைதான். ஆங்கிலத்தில் ஒரு வினை செய்யும் வேலையை ஸ்பானிஷில் செர், எஸ்தார் என்று இரண்டு வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. 'சோய் ப்ரொஃபெசோரா' என்றால் நான் ஆசிரியை. 'எஸ்தோய் என் காசா' என்றால் வீட்டில் இருக்கிறேன். எதை எங்கே போடுவது என்பதற்கு நிலையானது, நிலையற்றது என்று விதி சொல்கிறார்கள். அந்த விதி அடிக்கடி கைவிடுகிறது. தமிழில் கேட்டுப் பார்த்தால் பல இடங்களில் விடை தானே வருகிறது. நான் ஆசிரியை, நான் குளச்சல்காரி, இது மரமேசை: இங்கெல்லாம் நாம் வினையே போடுவதில்லை, அங்கே செர். வீட்டில் இருக்கிறேன், களைப்பாக இருக்கிறேன், சாயா சூடாக இருக்கிறது: நாம் 'இரு' போடுகிறோம், அங்கே எஸ்தார். இடத்தைக் குறித்தால் எஸ்தார் என்று கற்பித்துவிட்டு, திருவிழா போன்ற நிகழ்ச்சிகள் நடக்கும் இடத்திற்கு மட்டும் செர் என்று புத்தகம் ஒரு விதிவிலக்கு சொல்கிறது. 'திருவிழா எங்கே?' என்று கேட்டால் 'கோட்டாற்றில்' என்போமே தவிர, 'திருவிழா கோட்டாற்றில் இருக்கிறது' என்று நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை என்பதை நினைத்தால் அந்த விதிவிலக்கும் விலகுகிறது.

இந்தப் பாலம் எல்லா இடத்திலும் தாங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 'அவள் அழகாக இருக்கிறாள்' என்று நாம் சொல்வது ஸ்பானிஷில் இரண்டாகப் பிரியும். செர் வினையில் எஸ் குவாபா என்றால் அவள் இயல்பிலேயே அழகி. எஸ்தார் வினையில் எஸ்தா குவாபா என்றால் இன்றைக்கு அழகாக இருக்கிறாள். அதேபோல, 'எனக்குப் பசிக்கிறது' என்பதை மே குஸ்தா போலவே அமைத்துவிடலாம் என்று எண்ணினேன். இல்லை, அவர்கள் 'பசியைக் கொண்டிருக்கிறேன்', தெங்கோ ஆம்ப்ரே, என்கிறார்கள். வயதையும் அப்படிக் கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு 48 வயது என்று நான்காம் வேற்றுமையில் சொல்லிப் பழகிய நாக்கு, 48 ஆண்டுகளைக் கொண்டிருக்கிறேன் என்று சொல்லத் தயங்கியது.

ஒலிகளுக்கு வருகிறேன். தமிழாசிரியர் எவருக்கும் ரகர றகரம் தீராத கவலை. அரை, அறை, இரை, இறை, மரம், மறம் என்று ஆண்டுதோறும் எழுதிப்போட்டும் விடைத்தாளில் குழப்பம் நிற்பதில்லை, ஏனெனில் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இவ்விரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. கன்னியாகுமரிப் பேச்சில்தான் இன்னும் வேறுபாடு கேட்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த மண், மலையாளத்தின் அண்டை வீடு. அதனால் எங்கள் பாட்டிமார் 'கறி' என்றால் நாக்கு நன்றாகவே அதிரும். ஸ்பானிஷில் பெரோ என்றால் 'ஆனால்'. பெறோ என்றால் நாய். காரோ என்றால் விலை கூடியது. காறோ என்றால் தென்னமெரிக்காவில் பல இடங்களில் கார். உலகெங்கும் இம்மொழியைக் கற்கிறவர்கள் மாதக்கணக்கில் நாக்கைச் சுழற்றிப் பழகும் அந்த ஒலி, நான் துணி துவைக்கும் கல்லருகே நின்று முதல்முறை சொன்னபோதே வந்துவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த அம்மாவும் சொன்னார். என்னைவிடத் தெளிவாகச் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே அறிந்த 74 வயதுப் பெண்ணின் நாவில் அந்த றகரம் அதிர்ந்ததைக் கேட்டபோது, எனக்குப் பெருமையாக இருந்தது.

n என்னும் எழுத்தின் மேல் அலையோடிய கோடு போட்ட எழுத்து (ñ) வேறொன்றுமில்லை, நம் ஞகரம். எஸ்பஞோல் என்று மொழியின் பெயரிலேயே அது இருக்கிறது. 27 எழுத்துகளில் ஒன்றாகத் தனி இடமும் பெற்றிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை நாயித்துக்கிழமை ஆக்காத ஊரில் பிறந்தவர்களுக்கு அதில் சிரமமில்லை. ஹோத்தா (j) என்னும் எழுத்தோ, அஃது என்பதிலுள்ள ஆய்தத்தைத் தொண்டையிலிருந்து கொஞ்சம் அழுத்திச் சொன்னால் ஏறத்தாழ வந்துவிடும். ஸகரத்தோடு மெய் சேர்ந்து தொடங்கும் சொல்லே அவர்களிடம் இல்லை. பள்ளிக்கூடம் எஸ்குவேலா, நிலையம் எஸ்தாசியோன். இஸ்கூல், இஸ்டேஷன் என்று சொல்லும் நம் பெரியவர்களைத் திருத்துகிறவர்கள், அதே தேவைக்காக அதே வழியைக் கண்ட இன்னொரு மொழியையும் அறிந்திருந்தால் நல்லது.

இத்தனை நெருக்கம் இருந்தும் நான் தவறியது தமிழெழுத்தை நம்பியதால்தான். தொடக்கத்தில் எல்லாச் சொற்களையும் தமிழெழுத்தில் எழுதிப் படித்தேன். இரண்டு என்பதற்கும் 'தோஸ்', இருமல் என்பதற்கும் 'தோஸ்' என்று குறிப்பேட்டில் இருந்தது. முன்னதில் வருவது பந்து என்பதிலுள்ள மெலிந்த தகரம். பின்னதில் வருவது தண்ணீர் என்பதிலுள்ள வன்மையான தகரம். நமக்கு ஓரெழுத்து, அவர்களுக்கு ஈரெழுத்து. மழைக்காலத்தில் ஒருநாள் தம்பி துறைமுகத்திலிருந்து அழைத்தபோது, பெருமையோடு 'எனக்கு இருமல்' என்று ஸ்பானிஷில் சொன்னேன். "என்ன ரெண்டு இருக்கு அக்கா?" என்று கேட்டான். மூன்று முறை சொல்லியும் அவனுக்கு இரண்டுதான் கேட்டது. அழுத்தம் பற்றிய பாடமும் அவ்வாறே. தமிழ் எல்லா அசையையும் ஏறத்தாழச் சமமாகச் சொல்லும் மொழி. அங்கே ஆப்லோ என்பதில் முதலசையை அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. அவர்களுடைய எழுத்தில் அதற்கென ஒரு சாய்கோடு உண்டு. என் தமிழ்க் குறிப்பில் அது இல்லை. அந்தக் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, அவர்கள் எழுத்திலேயே புதிதாக ஒன்றைத் தொடங்கினேன். இலக்கணத்திற்குத் தமிழைத் துணைகொள்ளுங்கள்; எழுத்துக்கு வேண்டாம். (இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதிக்காட்டும் சொற்களையும் காதால் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.)

பால் பாகுபாடு இன்றுவரை எனக்குக் கடினமே. தமிழுக்கு உயர்திணையில்தான் ஆணும் பெண்ணும். அஃறிணைக்கு ஒன்றும் பலவும் மட்டுமே. அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். பெரும்பாலும் ஓகாரத்தில் முடிவது ஆண், ஆகாரத்தில் முடிவது பெண் என்றாலும், ஓகாரத்தில் முடிந்தும் கை (மானோ) பெண், ஆகாரத்தில் முடிந்தும் நாள் (தியா) ஆண். போதாக்குறைக்கு, களைப்பாக இருக்கிறேன் என்று சொல்லும்போதே நான் பெண் என்பதைச் சொல்லாக வேண்டும்: எஸ்தோய் கன்சாதா, என் தம்பியானால் கன்சாதோ. நாம், நாங்கள் என்று கேட்பவரைச் சேர்த்தும் விலக்கியும் சொல்லும் அழகு அவர்களுக்கு இல்லை. ஆனால் பெண்கள் மட்டுமே உள்ள கூட்டம் தன்னைச் சொல்லிக்கொள்ள நொசோத்ராஸ் என்று தனிச்சொல் இருக்கிறது. சொல்வரிசையோ முழுக்கத் தலைகீழ். 'என் தம்பியின் வீட்டில்' என்பது அங்கே 'இல் வீடு இன் என் தம்பி' என்று வரும். நம் உருபுகள் பெயருக்குப் பின்னே ஒட்டும். அவர்களுடையவை முன்னே தனித்து நிற்கும். சமையலறையில் பெட்டி, கதவு, நாற்காலி எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். எல், லா என்பதையும் சேர்த்தே எழுதி ஒட்டினால்தான் பால் மனத்தில் நிற்கிறது என்பது என் அனுபவம்.

உறவுமுறைப் பாடம் நடந்த நாளில் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் தீயோ என்றதும் அவர் முகம் சுருங்கியது. அண்ணனும் தம்பியும் எர்மானோதான். மூத்த, இளைய என்று அடைமொழி சேர்க்க வேண்டும். ஆனால் மகனுக்குப் பெண் கொடுத்தவரை என்னவென்று அழைப்பார்கள் என்று அவர் கேட்டபோது, நான் அகராதியைப் பார்த்துவிட்டு கொன்சுவேக்ரோ என்றேன். சம்பந்திக்கு ஆங்கிலத்தில் சொல்லே இல்லை, ஸ்பானிஷில் இருக்கிறது. சகலனுக்கும் இருக்கிறது: கொன்குஞாதோ. "அப்போ நல்ல குடும்பக்காரங்கதான்" என்று அம்மா அந்த மொழிக்கு நற்சான்று வழங்கினார்.

போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்து தங்கிய சொற்களின் உடன்பிறப்புகளும் அங்கே கிடைக்கின்றன. மேசை அங்கே மேசா, பொத்தான் போத்தோன், பாதிரி பாத்ரே. இங்கிருந்து போனவையும் உண்டு. பலாப்பழத்தை நாங்கள் சக்கை என்போம். அது மலையாளக் கரையிலிருந்து போர்த்துக்கீசியம் வழியாகப் போய், ஸ்பானிஷில் ஹாக்கா என்று நிற்கிறது. எங்கள் கரையின் கட்டுமரம், கடைசி அசையில் அழுத்தம் பெற்றுக் கதமரான் ஆகியிருக்கிறது. அகராதியில் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

இந்தக் கரைக்கும் ஸ்பெயினுக்கும் இன்னொரு பழைய தொடர்பு உண்டு. எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கொரு சேவியர் இருப்பார். அந்தப் பெயர் ஸ்பெயினின் நவார்ராப் பகுதியிலுள்ள ஹாவியேர் என்னும் ஊரின் பெயர். 1506இல் அங்கே பிறந்த புனித சவேரியார், 1544 இறுதியில் இக்கடற்கரை ஊர்களுக்கு வந்தார். அதே ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அதற்குமுன் தான் பணியாற்றிய முத்துக்குளித்துறைக் கரையில் உள்ளவர்களின் மொழி மலபார், தன்னுடையதோ பாஸ்க் (வட ஸ்பெயினில் பேசப்படும் வேறொரு மொழி), ஆகவே ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று அவர் குறிப்பிடுகிறார். மலபார் என்று அவர் சொன்னது தமிழைத்தான். ஸ்பெயின்காரர் என்றதும் அவர் தாய்மொழி ஸ்பானிஷ் என்றே நான் எண்ணியிருந்தேன். அவரோ தன் மொழி பாஸ்க் என்கிறார். இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருக்களில் நடந்தார். பொருள் பாதி விளங்கியும் விளங்காமலும் தமிழை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய அவரை, வினை விகுதிகளை ஒப்பித்துக்கொண்டு பேருந்தில் போகும்போது பலமுறை நினைத்திருக்கிறேன்.

கோட்டாற்றிலுள்ள சவேரியார் கோவில் திருவிழாவின் கடைசி நாளான டிசம்பர் 3 எங்கள் மாவட்டத்திற்கு உள்ளூர் விடுமுறை. இந்த ஆண்டு அதற்குத் தம்பி வந்திருந்தான். கோவிலுக்குப் போய்வந்த மாலையில் மூவரும் அதே கரையில் அமர்ந்திருந்தோம். காற்று அடங்கியிருந்தது, சாளை ஏற்றிவந்த வள்ளத்தைச் சுற்றி ஏலம் நடந்துகொண்டிருந்தது. நான் கடலைப் பார்த்து, 'லா மார் எஸ்தா த்ராங்கிலா' என்றேன். எஸ் என்று சொல்ல வந்து, கடைசி நொடியில் எஸ்தா என்று மாற்றிக்கொண்டேன். தம்பி தலையை ஆட்டினான். என்ன சொன்னேன் என்று அம்மா கேட்க, "கடலம்மை இப்போ அமைதியாட்டு இருக்கா" என்று அவன் சொன்னான்.

"இப்போன்னு சொன்னா பாரு," என்றார் அம்மா, "அது சரி."